இலையையும் சாப்பிடணும், தாத்தா!

எங்கள் ஊர் களக்காட்டில், "வெளியே போய்ச் சாப்பிட்டோம்" என்று யாராவது சொன்னால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, வீட்டில் பெண்களுக்கு உடம்புக்கு முடியவில்லை. இன்னொன்று, திருநெல்வேலிக்கு ஜவுளி எடுக்கப் போயிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக ஓட்டலுக்குப் போவது என்பது எங்கள் தலைமுறையில் கிடையாது. இப்போது காலம் மாறிவிட்டது. சாயங்காலம் ஆனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் புரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. இளைஞர்கள் பைக்கில் வந்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் மட்டும் மாறவே இல்லை.

இவருக்கு வயது 70. "வீட்டுச் சோத்துக்கு மிஞ்சின சோறு எங்கே இருக்கு?" என்று கேட்கிற ரகம். அதுவும் எப்படிப்பட்ட வீட்டுச் சோறு! உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வேண்டும். கல்யாண வீட்டுக்கு மறுநாள் என்றால் சொதி வேண்டும், அதற்குத் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் வேண்டும். ரசத்தில் பெருங்காயம் ஒரு சிட்டிகை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரை நான் ஒரு கிரேக்க ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

களக்காட்டில் ஏது கிரேக்க ஓட்டல் என்று கேட்காதீர்கள். ஊரில் இல்லை. மெல்போர்னில்!

மலையடிவாரத்திலிருந்து மெல்போர்னுக்கு

களக்காட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருநெல்வேலிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை அப்படியே வந்து வயலில் கால் நனைக்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து உருவாக்கியது. மலையிலிருந்து பச்சையாறு இறங்கி வரும் இடத்தில் தலையணை. பச்சையாற்றுத் தண்ணீர் கடைசியில் தாமிரபரணியில் போய்ச் சேரும். ஊருக்குள் சத்தியவாகீஸ்வரர் கோயில். பஸ்ஸில் வரும்போது தூரத்திலேயே ராஜகோபுரம் கண்ணில் பட்டுவிடும். ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் வாழை. ஏத்தன், ரசகதலி, கோழிக்கூடு, செவ்வாழை என்று வகைவகையாய். லாரி லாரியாய் ஏத்தன் தார்கள் கேரளாவுக்குப் போகும்.

எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் வாழை இருக்கிறது. என் மாமனார் காலத்துத் தோட்டம். காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்து, சூறைக்காற்றுக்குப் பயந்து, ஒரு வருஷம் லாபம், மறு வருஷம் நட்டம் என்று இவர் அதோடு 45 வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். ஒரே மகன் மெல்போர்னில் கணினி வேலையில் இருக்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். ஏழு வயதில் ஒரு பேரன்.

சென்ற ஆண்டு பிப்ரவரி கடைசியில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் மாறி, மெல்போர்ன் போய்ச் சேர்ந்தோம். ஐந்து வாரப் பயணம். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்பது இவர் போட்ட ஒரே நிபந்தனை. நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். எந்த ஊரில் வேலை பார்த்தாலும் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வ சாஸ்தா கோயிலில் வந்து நின்றுவிட வேண்டும்.

ஆனால் மகனின் மனதில் வேறு கணக்கு இருந்தது. போன முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டான். "அம்மா, ரெண்டு பேரும் இங்கேயே வந்திருங்க. அப்பாவுக்கு இனிமே எதுக்குத் தோட்டம், பன்றி, காவல் எல்லாம்?"

ஆசையாகத்தான் இருந்தது. பேரன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "ஆச்சி, கதை" என்று கேட்கும்போது யாருக்குத்தான் ஊருக்குத் திரும்ப மனம் வரும்? ஆனால் பெற்றோருக்கான நிரந்தர விசா சாதாரணமானதில்லை. மற்ற வகையைவிடச் சற்று விரைவாகக் கிடைக்கிற வகைக்கு ஒருவருக்கு மட்டும் 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்ட வேண்டும். இரண்டு பேருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். "நான் கடன் வாங்கிக் கட்டுதேன்" என்றான் மகன். இவர் பதிலே சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்கடுத்த இரண்டு வாரமும் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொள்வார்.

சாப்பாடும் பாதியாகக் குறைந்துவிட்டது. வெளியே கூட்டிப்போனால் ஒரு காபியோடு சரி. இத்தாலியக் கடைக்குப் போனோம், தாய்லாந்துக் கடைக்குப் போனோம். "பசி இல்லே" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு ஸ்டேஷன் தாண்டி ஒரு கிரேக்கம்

மகன் வீடு கிளேட்டன் பகுதியில். அங்கிருந்து ரயிலில் நகரம் நோக்கிப் போனால் இரண்டாவது ஸ்டேஷன் ஓக்லி. மார்ச் மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். "இன்னிக்கு ஒரு இடத்துக்குப் போவோம், உங்களுக்குப் பிடிக்கும் மாமா" என்று மருமகள்தான் கிளப்பினாள்.

ஓக்லியில் இறங்கிக் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு நிமிஷம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே புரியவில்லை. ஈட்டன் மால் என்று வண்டிகள் வராத ஒரு நடைத்தெரு. இரண்டு பக்கமும் காபிக் கடைகள், இனிப்புக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள். எல்லாம் வெளியே மேசை போட்டிருக்கிறார்கள். போர்டுகளில் கிரேக்க எழுத்து. மார்ச் 25 கிரேக்கர்களின் தேசிய நாள், 1821-ல் துருக்கியரை எதிர்த்து விடுதலைப் போர் தொடங்கியதன் நினைவு. அது நெருங்கிக்கொண்டிருந்ததால் அங்கங்கே நீலமும் வெள்ளையுமாய்க் கொடிகள். வயதான ஆண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சா அது, சண்டையா என்று சந்தேகமாக இருந்தது. அவ்வளவு சத்தம்.

இவர் நின்று பார்த்தார். வந்த நாளாய் முதல்முறையாக முகத்தில் ஒரு வெளிச்சம். "நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மாதிரில்லா இருக்கு!" என்றார்.

கிரீஸ் நாட்டுக்கும் சைப்ரஸுக்கும் வெளியே கிரேக்கர்கள் மிக அதிகமாக வாழும் நகரங்களில் மெல்போர்ன் ஒன்று. இரண்டாம் உலகப் போர், அதன்பின் 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர் என்று கிரீஸ் நொடிந்து கிடந்தபோது, கிராமம் கிராமமாக இளைஞர்கள் கப்பலேறி ஆஸ்திரேலியா வந்தார்கள். 1952-ல் இரண்டு நாடுகளுக்கும் ஒப்பந்தம் ஆனது. 1950-களிலும் 60-களிலும் வந்தவர்கள் தொழிற்சாலைகளில் உழைத்தார்கள், சிறு கடைகள் வைத்தார்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் ஓட்டல் போட்டார்கள். அந்த ஓட்டல்களில் ஒன்றில்தான் நாங்கள் போய் உட்கார்ந்தோம்.

'நிஸ்டீசிமோ' என்ற மந்திரச் சொல்

பகட்டான இடம் இல்லை. நீலக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, மேலே ஒரு காகித விரிப்பு, சாதாரண மர நாற்காலி. கிரேக்கர்கள் இந்த மாதிரிக் கடையை 'டவெர்னா' என்கிறார்கள். நம் ஊர் மெஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கிராமத்து டவெர்னாக்களில் பட்டியலே கிடையாதாம். வருகிறவர்களை அடுப்படிக்கே கூட்டிப்போய்ச் சட்டி மூடியைத் திறந்து காட்டுவார்களாம். எது பிடிக்கிறதோ அதைக் கைகாட்டினால் போதும்.

எங்களுக்கு ஒரே கவலை, நாங்கள் சைவம். கிரேக்கச் சாப்பாடு என்றாலே சுட்ட ஆட்டுக்கறி என்றுதான் நினைத்திருந்தேன். பரிமாற வந்த பெண்ணிடம் மருமகள் ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். "நிஸ்டீசிமோ?" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

அந்தச் சொல்லுக்கு 'விரதத்துக்கு ஏற்றது' என்று பொருள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களான கிரேக்கர்கள், ஈஸ்டருக்கு முன் நாற்பது நாளுக்கு மேல் விரதம் இருக்கிறார்கள். இறைச்சி கிடையாது, முட்டை கிடையாது, பால், வெண்ணெய், சீஸ் கூடக் கிடையாது. ஆகவே பருப்பு, கீரை, காய்கறியை ஆலிவ் எண்ணெயில் சமைக்கும் கலையை நூற்றாண்டுகளாக வளர்த்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது அந்த விரதக் காலம். தனிப் பட்டியலே இருந்தது. ஒன்று மட்டும் எச்சரிக்கை! அவர்களுடைய விரதத்தில் இறாலும் கணவாயும் சேர்த்தி. ரத்தம் இல்லாத உயிர் என்பதால் அவற்றை விலக்குவதில்லை. அதனால் "கடல் பொருளும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொன்றாக வந்தது. ஆளுக்கொரு தட்டு என்று தனித்தனியாகப் பரிமாறவில்லை. எல்லாம் மேசை நடுவில். அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் 'ஃபாவா'. மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, மேலே பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். இவர் ஒரு ரொட்டித் துண்டைக் கையில் பிய்த்து, சந்தேகத்தோடு தொட்டு, வாயில் வைத்தார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"பருப்புதான். நெய்யும் உப்பும் போதாது" என்றார்.

ஆனால் கை இரண்டாம் முறை போனது!

அடுத்து 'மெலிட்சனோசலாட்டா'. பெயர்தான் வாயில் நுழையாது. பொருள், சுட்ட கத்தரிக்காயை மசித்துப் பூண்டும் எலுமிச்சைச் சாறும் விட்டது. புகை வாசனை அப்படியே என் அம்மா விறகடுப்பில் சுட்டுச் செய்யும் கத்தரிக்காய்க் கொத்சு. 'ஹோர்தா' என்று வேகவைத்த கீரை. 'யீகாந்தெஸ்' என்று கட்டைவிரல் அளவு வெள்ளை மொச்சை போன்ற பயறு, தக்காளிச் சாற்றில் அடுப்பில் வாட்டியது. பேரனுக்கு விரதம் இல்லை என்பதால் 'சட்சிகி' வந்தது. கெட்டித் தயிரில் வெள்ளரிக்காய்த் துருவல், பூண்டு. நம் தயிர்ப் பச்சடிக்குத் தாளிப்பு மட்டும்தான் குறை.

இலையை உரித்த கதை

அப்புறம் வந்ததுதான் 'டோல்மதாக்கியா'. விரல் நீளத்துக்குப் பச்சை இலையில் இறுக்கிச் சுருட்டிய பொட்டலங்கள். திராட்சை இலைக்குள் அரிசி, வெங்காயம், புதினா மாதிரி வாசனை இலைகள் வைத்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டு வேகவைத்தது. கறி வைத்தும் செய்வார்கள். கறி இல்லாததற்கு 'யலாஞ்சி' என்று பெயர். துருக்கிச் சொல். 'பொய்யன்' என்று அர்த்தமாம்! கறி இருப்பதுபோல் ஏமாற்றுகிறதல்லவா?

தட்டைப் பார்த்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏட்டி, இங்கே பாரு! நம்ம இலைக் கொழுக்கட்டை!"

எங்கள் பக்கத்தில் பூவரச இலையில் மாவை வைத்து மடித்துக் கொழுக்கட்டை அவிப்போம். திருக்கார்த்திகைக்குப் பனை ஓலைக் குருத்தில் மாவை அடைத்துக் கட்டி ஓலைக் கொழுக்கட்டை அவிப்போம். இரண்டிலும் இலையின் வாசனை மாவில் ஏறியிருக்கும். உரித்து இலையை எறிந்துவிட்டுச் சாப்பிடுவோம்.

இவரும் அதையே செய்தார். ஒரு பொட்டலத்தை எடுத்து, பொறுமையாய் இலையைப் பிரித்து, அரிசியை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இலையைத் தட்டின் ஓரத்தில் நேர்த்தியாக மடித்து வைத்தார். நம் பந்தியில் இலையை மடிக்கிற மாதிரியே. இப்படி மூன்று. நான்காவதைப் பிரிக்கும்போது பேரன் பார்த்துவிட்டான்.

"தாத்தா! இலையையும் சாப்பிடணும், தாத்தா!"

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். பரிமாறிய பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவர் கொஞ்சமும் அசரவில்லை. மடித்து வைத்த மூன்று இலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு மென்றார். "புளிப்பா நல்லாத்தான் இருக்கு. இதை முதல்லயே சொல்லப்படாதா?" என்றார்.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் கல்லாவிலிருந்து அந்தப் பெரியவர் எழுந்து வந்தார்.

அரிசியும் ஒரிசாவும்

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், வரலாற்று டீச்சரை ஒரே ஒரு பத்தி பேச விடுங்கள்.

அந்த டோல்மதாக்கியாவுக்குள் இருந்த அரிசியைக் கிரேக்கத்தில் பழைய காலத்தில் 'ஒரிசா' என்றார்கள். நம் 'அரிசி'தான் அப்படிப் போனது என்று சொன்னவர்களில் கால்டுவெல் ஒருவர். எங்கள் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்து, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலை வெளியிட்டவர். அந்தச் சொல் பாரசீகப் பக்கத்திலிருந்து போனது என்று பிற்கால அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சொல் எந்த வழியாகப் போனாலும், ஆட்கள் வந்துபோனது உறுதி. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, பாண்டிய நாட்டு முத்துக் குளிக்கும் துறையை 'கொல்கி' என்று குறிக்கிறது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக் கொற்கைதான் அது. அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூலில் 'பெட்டிகோ' என்று ஒரு மலை வருகிறது. அது நம் பொதிகை என்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைத்தொடர் ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கிரேக்கன் ஏட்டில் ஏறிவிட்டது! யவனர்கள் என்று நம் பழைய பாட்டுகளில் வருகிறவர்களோடு நமக்கு மிளகும் முத்தும் கொடுத்து வாங்கிய பழக்கம். பாடம் நடத்தும்போது இதையெல்லாம் ஒப்பித்திருக்கிறேன். ஒரு யவனரோடு உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

எண்ணெய் டின் வரும் வீடு

பெரியவருக்கு 80 வயதுக்கு மேல் இருக்கும். கடையை இப்போது மகள் பார்க்கிறாளாம், இவர் சும்மா வந்து உட்காருவாராம். நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். "இந்தியா, தெற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர்" என்றான் மகன். என்ன விளைகிறது என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. ஒரு விவசாயிதான் இப்படிக் கேட்பான்!

"வாழை" என்று இவரே பதில் சொன்னார், ஆங்கிலத்தில். அதற்குமேல் இவருக்கு ஆங்கிலம் ஓடாது. மகன்தான் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னான்.

பெரியவர் தெற்கு கிரீஸில் கலமாட்டா பக்கம் ஒரு கிராமத்துக்காரர். 1960-களின் தொடக்கத்தில், 19 வயதில், 'பாட்ரிஸ்' என்ற கப்பலில் வந்தவர். வாரக்கணக்கில் கடலில் கிடந்து மெல்போர்ன் ஸ்டேஷன் பியர் துறையில் இறங்கினாராம். "பாட்ரிஸ் என்றால் என்ன தெரியுமா? தாய்நாடு! தாய்நாட்டை விட்டுப் போகிறவனை ஏற்றிக்கொண்டு போகிற கப்பலுக்கு அந்தப் பேரை வைத்திருக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஊரில் அவருக்கு அறுபது ஆலிவ் மரங்கள் இருக்கின்றன. அப்பா விட்டுப்போனவை. அக்காள் மகன் பார்த்துக்கொள்கிறான். அறுவடை முடிந்ததும் ஆளுக்குப் பாதி. "அதில் எனக்கு லாபமே கிடையாது. வருஷத்துக்கு ஒரு டின் எண்ணெய் வரும். அந்த டின்னுக்கு அனுப்புகிற கூலியே எண்ணெயின் விலையைவிட அதிகம்" என்றார்.

"அப்போ எதுக்கு வச்சிருக்கார்னு கேளு" என்றார் இவர். குரலில் ஏதோ ஒரு அவசரம் இருந்தது.

பெரியவர் சொன்னதை மகன் மெதுவாகத் தமிழில் சொன்னான். "ஆகஸ்ட் 15 எங்கள் மாதாவின் திருநாள். ஜெர்மனி, அமெரிக்கா, இங்கே என்று எங்கே இருந்தாலும் அன்றைக்கு எல்லோரும் கிராமத்துக்கு வந்துவிடுவோம். பூட்டிய வீடெல்லாம் திறக்கும். என் பக்கத்து வீட்டுக்காரன் தன் மரங்களை விற்றுவிட்டான். அவனும் இப்போது வருகிறான். ஓட்டலில் தங்குகிறான். திருநாள் முடிந்த மறுநாளே போய்விடுகிறான். நான் போனால் என் மரத்தைப் பார்க்க வேண்டும், அக்காள் மகனோடு சண்டை போட வேண்டும், வாய்க்காலைப் பார்க்க வேண்டும். எனக்கு அங்கே வேலை இருக்கிறது. அவனுக்கு வேலை இல்லை."

மேசையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

பிறகு இவர் மகனைப் பார்த்துச் சொன்னார். "அவர்ட்ட சொல்லு. ஆலிவ் நூறு வருஷம் நிக்கிற மரம். வாழை அப்படி இல்லே. ஒரு தார் போட்டா அதோட சரி, வெட்டிரணும். ஆனா வெட்டும்போது பக்கத்துல கன்னு நிக்கும். அதைக் காப்பாத்தினா தோட்டம் இருக்கும். என் அப்பா வச்ச வாழை ஒண்ணுகூட இப்போ இல்லே. ஆனா அந்த வாழைதான் நிக்கி."

மகன் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் கம்மிவிட்டது. பெரியவர் மேசையில் ஓங்கித் தட்டி, எழுந்து, இவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பிறகுதான் இவர் வாயைத் திறந்தார். இங்கே வருவதற்கு முன்பே தோட்டத்தை விலைபேச ஒரு தரகரிடம் சொல்லி வைத்திருந்தாராம்! மகன் கடன் வாங்கக் கூடாது, விசாவுக்கான பணத்தைத் தானே கொடுத்துவிட வேண்டும் என்று. என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்தச் சுமைதான் இரண்டு வாரமாக இவரைச் சாப்பிட விடாமல் செய்திருக்கிறது.

"உங்களை யாருப்பா விக்கச் சொன்னா?" என்றான் மகன்.

"நீ கூப்பிட்டே. நான் வேற எதைக் கொண்டு வர?" என்றார் இவர்.

நாற்பது வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாத ஒன்று, ஓக்லித் தெருவில் ஒரு கிரேக்க மேசையில் தெரிந்தது. எனக்குக் கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது. மருமகள் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அல்வாவுக்கே அல்வா!

பில் கேட்டோம். கிரேக்கக் கடைகளில் நாம் கேட்டால்தான் பில் வரும். எழுந்து போகச் சொல்லி யாரும் அவசரப்படுத்துவதில்லை. பில்லோடு ஒரு தட்டும் வந்தது. 'கேரஸ்மா' என்றார் பெரியவர். கடைக்காரர் தன் அன்பாகக் கொடுப்பது, காசு கிடையாது. அதன் பெயரைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். 'ஹல்வா'!

திருநெல்வேலிக்காரர்களுக்கே அல்வாவா? இவர் ஒரு துண்டு எடுத்து, கண்ணை மூடிச் சுவைத்து, தீர்ப்பு வழங்கினார். "இது அல்வா இல்லே. ரவா கேசரி."

உண்மைதான். நம் அல்வா, கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, நெய் ஊற்றிக் கிண்டுவது. கிரேக்கர்களின் விரதக் கால அல்வா ரவையில் செய்வது, நெய்க்குப் பதில் எண்ணெய். அந்த வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு ஒன்று உண்டு. 1, 2, 3, 4. ஒரு பங்கு எண்ணெய், இரண்டு பங்கு ரவை, மூன்று பங்கு சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர். எண்ணெயில் ரவையைப் பொன்னிறம் தாண்டிப் பழுப்பாகும்வரை வறுக்க வேண்டும். சர்க்கரையும் தண்ணீரும் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்துக் கொதித்த பாகை அதில் கவனமாக ஊற்ற வேண்டும். படபடவென்று தெறிக்கும், தள்ளி நின்றுகொள்ளுங்கள். கெட்டியானதும் அச்சில் கொட்டி ஆறவைத்துக் கவிழ்த்தால் ஆயிற்று. இனிப்பு நமக்குக் கொஞ்சம் கூடுதல்தான். இரண்டரைப் பங்கு சர்க்கரை போதும்.

நாலு பெரியவர்களும் ஒரு குழந்தையும் வயிறாரச் சாப்பிட்டதற்கு நூறு டாலருக்குச் சற்றுக் கூட ஆனது. நம் பணத்தில் கணக்குப் போட்டால் தலைசுற்றும். இவர் கணக்குப் போடவில்லை. அதுவே அதிசயம்!

மீண்டும் களக்காடு

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஊர் வந்து சேர்ந்தோம். சாஸ்தா கோயிலில் பொங்கலிட்டோம். மறுநாளே இவர் தரகரைக் கூப்பிட்டு, விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். காவலுக்கு உடம்பு ஒத்துழைக்காது என்பதையும் ஒப்புக்கொண்டார். ஒரு ஏக்கரைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்கு விட்டு, அரை ஏக்கரைத் தன் கையில் வைத்துக்கொண்டார். "எனக்கு அங்கே வேலை இருக்கணும்லா?" என்றார். கிரேக்கப் பெரியவரின் வசனம்!

மகனோடும் ஒரு உடன்பாடு. வருஷத்துக்கு மூன்று மாதம் நாங்கள் அங்கே. பங்குனி உத்திரத்துக்கோ பள்ளி விடுமுறைக்கோ அவர்கள் இங்கே. எங்களுக்கு முடியாமல் போகும் காலம் வரும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இது எல்லோருக்கும் பொருந்தும் தீர்வு என்று நான் சொல்ல வரவில்லை. பேரனைப் பிரிந்த ராத்திரிகளில் எனக்கே சந்தேகம் வருகிறது. ஆனால் இவர் முழுத்தட்டுச் சோறு சாப்பிடுகிறார். அது போதும் இப்போதைக்கு.

திராட்சை இலை எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. கிரேக்கர்கள் முட்டைக்கோஸ் இலையிலும் இதே டோல்மா செய்வார்கள் என்பதால், கோஸ் இலையை வெந்நீரில் வாட்டி, அரிசியும் புதினாவும் வைத்துச் சுருட்டி, நல்லெண்ணெயும் எலுமிச்சையும் விட்டு வேகவைத்துப் பார்த்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் ரசித்துச் சாப்பிட்டார்கள். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் வைத்தேன், அதையும் கிரேக்கப் பலகாரம் என்றே நம்பிவிட்டார்கள்!

நீங்களும் வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கப் போனால், ஒரு நாள் கிரேக்கக் கடைக்குப் போய்ப் பாருங்கள். சைவக்காரர்கள் 'நிஸ்டீசிமோ' என்ற சொல்லை மறக்காதீர்கள். மேலே ஊற்றும் 'அவ்கோலெமோனோ' என்ற எலுமிச்சைக் குழம்பில் முட்டை உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். மனதில் பேசாமல் வைத்திருக்கும் விஷயம் ஏதாவது இருந்தால், அதையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

போன வாரம் டீக்கடையில் இவர் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது காய்கறி வாங்கப் போன என் காதில் விழுந்தது.

"கிரேக்கன்னா என்னமோன்னு நெனைக்காதீய. எல்லாம் நம்மாளுகதான். பருப்பு, கீரை, கத்தரிக்கா, கேசரி. மரத்து மேல நம்மள மாதிரியே பைத்தியம். என்ன ஒண்ணு, கொழுக்கட்டையை இலையோட தின்னுருதானுவ!"